கறுப்புத் திரையில் ஓடும் சப்டைட்டில்

படம் பார்க்கும்போது எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது. ஸ்கிரீன் ரெக்கார்டரை ஓடவிட்டு, பிறகு அந்தப் பதிவைத் திறந்தால் முழுக்கக் கறுப்பு. ஆனால் அந்தக் கறுப்பின் அடியில் சப்டைட்டில் மட்டும் வரிவரியாக வந்து போகும். நிறுத்தும் பட்டனும், படம் எவ்வளவு ஓடியிருக்கிறது என்று காட்டும் கோடும்கூடத் தெளிவாகத் தெரியும். தென்னாப்பிரிக்காவின் டர்பனில், சாட்ஸ்வர்த்திலோ மெரிபேங்கிலோ சனிக்கிழமைத் தமிழ் வகுப்புக்கு இரண்டு நிமிடக் காட்சி ஒன்றை எடுத்து வைக்க நினைக்கும் ஆசிரியர் வந்து முட்டிக்கொள்ளும் இடம் இது. ஏதோ கோளாறு என்று நினைத்து வேறு வேறு ரெக்கார்டரை இறக்கிப் பார்ப்பார்கள். கோளாறு எதுவும் இல்லை. அப்படி வரும்படிதான் கட்டியிருக்கிறார்கள்.

ஸ்ட்ரீமிங் வீடியோ சில நொடி நீளத் துண்டுகளாக வருகிறது. ஒவ்வொரு துண்டும் ஏ.இ.எஸ் என்ற குறியாக்க முறையில் 128 பிட் சாவியால் பூட்டப்பட்டிருக்கும். சாவி துண்டோடு வராது. தனியாக ஒரு லைசென்ஸ் சர்வரிலிருந்து வரும். அந்தச் சாவியை வாங்கிப் பூட்டைத் திறக்கும் வேலையைச் செய்வது கூகுளின் வைட்வைன், மைக்ரோசாப்டின் பிளேரெடி, ஆப்பிளின் ஃபேர்பிளே ஆகிய மூன்றில் ஒன்று. வைட்வைனில் எல்1 என்ற நிலை இருக்கும் போனில் பூட்டைத் திறப்பதும் படத்தை விரிப்பதும் பிராசஸருக்குள் தனியே ஒதுக்கிய பாதுகாப்புப் பகுதியில் நடக்கும். விரிந்த படம் ஆண்ட்ராய்டு எட்டித் தொட முடியாத நினைவகத்திலிருந்து நேரே திரைக்குப் போய்விடும். ரெக்கார்டர் பார்ப்பது ஆண்ட்ராய்டு அடுக்கிக் கொடுக்கும் சாதாரண அடுக்குகளை மட்டும். சப்டைட்டில் என்பது செயலி எழுதும் வெறும் எழுத்து, அது சாதாரண அடுக்கில் இருக்கிறது, அதனால் பதிவாகிறது. படம் இருக்க வேண்டிய இடத்தில் ரெக்கார்டருக்குக் கிடைப்பது ஓட்டைதான்.

எல்3 நிலையில் இதெல்லாம் வெறும் மென்பொருளில் நடக்கிறது. அந்தப் பூட்டு பலவீனமானது என்பதால் பெரிய சேவைகள் எல்3 சாதனத்துக்கு எச்.டி கொடுப்பதில்லை, 480 அல்லது 540 வரியோடு நிறுத்திவிடும். விலை குறைந்த போனிலும் பெயர் தெரியாத டிவி பெட்டியிலும் காசு கட்டியும் படம் மங்கலாகத் தெரிவதற்குப் பெரும்பாலும் இதுவே காரணம், லைன் வேகம் அல்ல. நெட்ஃபிளிக்ஸ் ஆண்ட்ராய்டு செயலியின் செட்டிங்கில் பிளேபேக் ஸ்பெசிஃபிகேஷன் என்ற பகுதியைத் திறந்தால் வைட்வைன் எல்1-ஆ எல்3-ஆ என்று எழுதியிருக்கும். போன் வாங்குவதற்கு முன்பே கடையில் பார்த்துவிடுங்கள். போனின் இயங்கு மென்பொருளை மாற்றுவதற்காகப் பூட்லோடரைத் திறந்த பல போன்கள் எல்1-லிருந்து எல்3-க்கு இறங்கிவிடும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

இனி சட்டத்துக்கு வருவோம். ரெக்கார்டரை ஓடவிடுவது பூட்டை உடைப்பதா? இதில் இரண்டு தனித்தனிக் கேள்விகள் இருக்கின்றன, பேசுபவர்கள் இரண்டையும் எப்போதும் குழப்பிக்கொள்கிறார்கள். ஒன்று, நகல் எடுக்க உங்களுக்கு உரிமை இருக்கிறதா. மற்றது, அந்த நகலை எடுக்கப் பூட்டைத் தாண்டினீர்களா. முதல் கேள்வி பழையது. அமெரிக்காவில் 1984-இல் சோனி பீட்டாமேக்ஸ் வழக்கில், டிவியில் வருவதைப் பிறகு பார்க்க வீட்டில் பதிவு செய்வது நியாயமான பயன்பாடு என்று உச்ச நீதிமன்றம் 5-க்கு 4 என்ற கணக்கில் சொன்னது. இரண்டாவது கேள்வி 1996-இல் உலக அறிவுசார் சொத்து அமைப்பான வைப்போவின் காப்புரிமை ஒப்பந்தத்தோடும், 1998-இல் அமெரிக்காவின் டிஜிட்டல் காப்புரிமைச் சட்டமான டி.எம்.சி.ஏவோடும் வந்தது. அதன்பிறகு நகல் நியாயமானதாகவே இருந்தாலும் பூட்டைத் தாண்டுவது தனிக் குற்றம் ஆகிவிட்டது. பீட்டாமேக்ஸ் தீர்ப்பைக் காட்டி ஸ்ட்ரீமிங்கைப் பதிவு செய்யலாம் என்று வாதிடுபவர்கள் சறுக்குவது இங்கேதான்: 1984-இல் வானில் வந்த டிவிக்குப் பூட்டே கிடையாது.

வீடியோ கேசட்டில்கூட ஒரு பூட்டு இருந்தது. மேக்ரோவிஷன் என்று பெயர். டிவிப் படத்தின் ஒரு சட்டகத்துக்கும் அடுத்ததற்கும் நடுவே, திரையில் தெரியாத சில வரிகள் உண்டு. அந்த வரிகளில் மிகப் பிரகாசமான துடிப்புகளைச் சேர்த்துவிடுவார்கள். டிவி அதைக் கண்டுகொள்ளாது. பதிவு செய்யும் வி.சி.ஆரின் தானியங்கி அளவு சுற்று அதைப் படத்தின் பிரகாசம் என்று எடுத்துக்கொண்டு மொத்த சிக்னலையும் குறைக்கும். துடிப்பு குறைந்ததும் கூட்டும். நகல் கேசட்டில் படம் இருண்டும் வெளுத்தும் மூச்சு வாங்குவது போல ஆடும். தென்னாப்பிரிக்காவில் டிவியே 1976 ஜனவரி 5-ஆம் தேதிதான் முறையாகத் தொடங்கியது. அதனால் இங்கே டிவியும் வீட்டில் பதிவு செய்யும் பழக்கமும் ஏறத்தாழ ஒன்றாகவே வளர்ந்தன. நகலின் நகலாகச் சுற்றிய தமிழ்ப்பட கேசட்டுகளில் அந்த ஆட்டத்தைப் பார்த்தவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

நம் சட்டம் என்ன சொல்கிறது? 1978-ஆம் ஆண்டின் 98-ஆம் எண் காப்புரிமைச் சட்டம்தான் இன்னும் அடிப்படை. அதன் 12-ஆம் பிரிவில் தனிப்பட்ட பயன்பாட்டுக்கு என்று ஒரு சலுகை இருக்கிறது. புத்தகத்துக்கும் இசைப் படைப்புக்கும் உள்ள அந்தச் சலுகை திரைப்படத்துக்கு நீட்டப்படவில்லை. 16-ஆம் பிரிவு திரைப்படத்துக்கு நீட்டியிருப்பது விமர்சனம், செய்தி, பாடம் நடத்த எடுத்துக்காட்டு போன்றவற்றை. ஆகவே வீட்டில் மறுபடி பார்ப்பதற்காக ஒரு முழுப் படத்தைப் பதிவு செய்து வைத்துக்கொள்ள இங்கே சட்டத்தின் துணை இல்லை. காசு கட்டியிருக்கிறேனே என்று சொல்வதும் உதவாது. அந்தக் காசு பார்ப்பதற்கான அனுமதிக்கு. இதைக் கசப்பாக இருந்தாலும் நேராகச் சொல்லிவிட வேண்டும்.

ஆனால் ஆசிரியரின் இரண்டு நிமிடக் காட்சி வேறு கணக்கு. நியாயமான அளவில், மூலத்தையும் ஆக்கியவர் பெயரையும் சொல்லிப் பாடத்துக்கு எடுத்துக்காட்டாகப் பயன்படுத்த சட்டம் இடம் கொடுத்திருக்கிறது. 1860-இல் ட்ரூரோ கப்பலில் தொடங்கி இந்தியாவிலிருந்து ஒப்பந்தத் தொழிலாளர்களாக இங்கே வந்தவர்களின் ஐந்தாம், ஆறாம் தலைமுறைப் பிள்ளைகள் இன்று வகுப்பில் உட்கார்ந்திருக்கிறார்கள். வீட்டில் பேச்சு இங்கிலீஷ். 'வா'வுக்கும் 'வாங்க'வுக்கும் உள்ள தூரத்தைப் பலகையில் எழுதிப் புரியவைப்பது பெரும்பாடு. வீட்டுக்கு வந்த மருமகனிடம் மாமியார் பேசும் ஒரு காட்சியைக் காட்டினால் 90 நொடியில் பிடித்துக்கொள்வார்கள். அந்த 90 நொடியை எடுக்கும் உரிமையைச் சட்டம் ஒரு கையால் கொடுக்கிறது, கருவியை இன்னொரு சட்டம் பறித்துக்கொள்கிறது. 2002-ஆம் ஆண்டின் மின்னணுத் தொடர்புச் சட்டம் தன் 86-ஆம் பிரிவில் தரவுப் பாதுகாப்பைத் தாண்டுவதற்கென்றே செய்த கருவியை விற்பதையும் வைத்திருப்பதையும் குற்றமாக்கியது. 2021 டிசம்பர் 1 முதல் அந்த இடத்தில் சைபர் குற்றச் சட்டம் இருக்கிறது, அதிலும் மென்பொருள், வன்பொருள் கருவிகளுக்குத் தனிப் பிரிவு உண்டு. தமிழ் வாத்தியாரை மனதில் வைத்து யாரும் இவற்றை எழுதவில்லை. ஆனால் வாத்தியாருக்கு விலக்கும் எழுதவில்லை. எனக்குள்ள வருத்தமே இதுதான்.

அமெரிக்காவில் இதற்கு ஓர் ஏற்பாடு இருக்கிறது. மூன்று ஆண்டுக்கு ஒருமுறை காங்கிரஸ் நூலகம் விலக்குப் பட்டியல் வெளியிடும். கடைசியாக 2024 அக்டோபரில் வந்தது. ஆசிரியர்கள் பாடத்துக்காகப் படத்தின் சிறு பகுதியை எடுப்பது அதில் உண்டு. முறையாகத் திறந்து ஓடும் படத்தைத் திரையிலிருந்து பிடிக்கும் ரெக்கார்டரும் அந்தப் பட்டியலில் தனியாகக் குறிப்பிடப்பட்டிருக்கிறது. திரையிலிருந்து பிடிப்பது பூட்டை உடைப்பதாகுமா என்ற சந்தேகம் ஆசிரியரின் தலையில் விழாமல் இருப்பதற்காக அப்படி எழுதினார்கள். தென்னாப்பிரிக்காவில் இதைச் சரிசெய்ய ஒரு மசோதா இருக்கிறது. காப்புரிமைத் திருத்த மசோதாவில், சட்டம் அனுமதிக்கும் காரியத்துக்காகப் பூட்டைத் தாண்டலாம் என்ற விலக்கும் இருக்கிறது, அந்த உரிமையை ஒப்பந்தத்தில் எழுதிப் பறிக்க முடியாது என்ற பிரிவும் இருக்கிறது. 2019-இல் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. 2020-இல் ஜனாதிபதி திருப்பி அனுப்பினார். 2024 பிப்ரவரியில் மறுபடி நிறைவேறியது. 2024 அக்டோபரில் ஜனாதிபதி அதை அரசியல் சாசன நீதிமன்றத்துக்கு அனுப்பினார். இதற்கிடையில் பார்வையற்றோர் அமைப்பான பிளைண்ட் எஸ்.ஏ வழக்குப் போட்டு, 2022 செப்டம்பரில் அதே நீதிமன்றத்தில் தங்களுக்கான நூல் நகல் உரிமையை வாங்கிவிட்டது. மசோதாவில் குறை இருக்கலாம், எழுத்தாளர்களும் கலைஞர்களும் சொல்லும் சில ஆட்சேபங்கள் நியாயமானவையே. அதற்காக இந்த ஒரு விலக்கைக் கிடப்பில் போடக் கூடாது.

காலக் கெடு பற்றி ஒரு வார்த்தை. நம் சட்டத்தில் திரைப்பட உரிமை, படம் வெளியான ஆண்டு முடிந்து 50 ஆண்டுகள். 1970-இல் வந்த படத்தின் உரிமை 2020 டிசம்பர் 31-ஓடு இங்கே முடிந்தது. பாட்டு வரிக்கும் இசைக்கும் வேறு கணக்கு. சட்டத்துக்குக் காலண்டர் உண்டு, பூட்டுக்குக் கிடையாது. உரிமை தீர்ந்த படமும் அதே 128 பிட் சாவிக்குள்தான் கிடக்கும்.

சட்டம் மாறும்வரை ஆசிரியர் என்ன செய்யலாம்? படம் எடுத்த நிறுவனமே யூடியூபில் போட்டிருக்கும் காட்சித் துண்டுகளை முதலில் தேடுங்கள். பழைய படங்கள் பலவற்றுக்கு இருக்கின்றன. இணைப்பையும் நிமிடம், நொடியையும் பாடக் குறிப்பில் எழுதிவிட்டால் நகலே வேண்டாம். டிவிடி கிடைத்தால் பிளேயரில் போட்டு அந்த இடத்தை ஓட்டிக் காட்டுங்கள், அதிலும் நகல் உருவாவதில்லை. டிவிடி விற்பனைக்கு உலகத்தை மண்டலங்களாகப் பிரித்திருக்கிறார்கள், அதனால் சென்னையிலிருந்து வாங்கிவரும்போது உறையின் பின்பக்கம் பாருங்கள்: தென்னாப்பிரிக்கா 2-ஆம் மண்டலம், இந்தியா 5-ஆம் மண்டலம். உலக உருண்டைப் படத்துக்குள் 5 என்று மட்டும் போட்டிருந்தால் இங்கே வாங்கிய பிளேயர் அதை எடுக்காது. 0 அல்லது எல்லா மண்டலமும் என்று இருந்தால் கவலையில்லை. கம்ப்யூட்டர் டிரைவில் மண்டலத்தை ஐந்து முறைதான் மாற்றலாம், ஐந்தாவது மாற்றத்தில் அப்படியே உறைந்துவிடும்.

வீட்டில் பார்ப்பதற்குச் செயலிக்குள்ளேயே இருக்கும் டவுன்லோடைப் பயன்படுத்துங்கள். அதில் இரண்டு கடிகாரங்கள் ஓடுகின்றன. இறக்கிய நாளிலிருந்து ஒன்று. முதல்முறை பிளே அழுத்தியதிலிருந்து இன்னொன்று. இரண்டாவது சில படங்களுக்கு 48 மணி நேரம்தான். கோப்பு மெமரி கார்டில் இருந்தாலும் பூட்டியபடியே இருக்கும், சாவி போனுக்குள் தனியாக இருக்கும். கார்டை வேறு போனில் போட்டால் ஓடாது. ஊருக்குப் போகும் முன், கரண்ட் போகும் முன், போனை ஃபிளைட் மோடில் போட்டு ஒவ்வொரு படத்தையும் சோதித்துப் பார்க்கச் சிலர் சொல்வார்கள். அப்படித் திறந்ததுமே இரண்டாவது கடிகாரம் ஓட ஆரம்பிக்கும். ஒரே ஒரு படத்தை மட்டும் சோதியுங்கள். நெட்ஃபிளிக்ஸ் கணக்குப்படி சாதாரணத் தரத்தில் மணிக்கு 1 ஜிபி வரை, எச்.டியில் 3 ஜிபி வரை ஆகும் என்பதால், மொபைல் டேட்டாவில் இறக்குபவர்கள் சாதாரணத் தரத்தையே வைத்துக்கொள்ளலாம். டிஷ் பெட்டியின் ஹார்ட் டிஸ்க்கில் பதிவாகும் நிகழ்ச்சிகளும் இதே கதைதான்: பதிவு அந்தப் பெட்டியோடு கட்டப்பட்டது, டிஸ்க்கைக் கழற்றிக் கம்ப்யூட்டரில் போட்டால் ஒன்றும் படிக்க முடியாது.

கேபிளிலும் ஒரு பூட்டு உண்டு, எச்.டி.சி.பி. பெட்டியிலிருந்து டிவி வரை எச்.டி.எம்.ஐ வழியில் இருக்கும் ஒவ்வொரு கருவியும் பதில் சொல்ல வேண்டும். நடுவில் ஒன்று பதில் சொல்லாவிட்டால் கறுப்புத் திரை, அல்லது தரம் இறங்கும். 4கே படத்துக்கு 2.2 பதிப்பு கேட்கும். டிவியை முதலில் போட்டு, பிறகு ஒலிபெருக்கும் ஆம்ப், கடைசியில் பெட்டி என்ற வரிசையில் போட்டுப் பாருங்கள். சரியாகவில்லை என்றால் நடுவில் உள்ளதை எல்லாம் எடுத்துவிட்டு ஒரே கேபிளில் பெட்டியையும் டிவியையும் இணையுங்கள், குற்றவாளி எது என்று தெரிந்துவிடும்.

இதுவரை சொன்னது அடுத்தவர் பூட்டிய பொருள். நம்முடைய சொந்தப் பொருளையே நாம் தொலைத்துக்கொண்டிருக்கிறோம் என்பது எனக்கு இதைவிடப் பெரிய கவலை. தைப்பூசக் காவடி, மவுண்ட் எட்ஜ்கம்ப் மாரியம்மன் கோவிலில் ஈஸ்டர் நாட்களில் கூடும் திருவிழா, புரட்டாசி பஜனை, கல்யாணம், இறுதிச் சடங்கு என்று எல்லாம் இன்று நேரலையில் போகிறது. இவற்றில் பூட்டு எதுவும் இல்லை. ஆனால் நேரலையே சேமிப்பு என்று நம்பிவிடுகிறார்கள். ஃபேஸ்புக் 2025 பிப்ரவரியிலிருந்து புதிய நேரலைகளை 30 நாளில் அழித்துவிடுகிறது. யூடியூப் 12 மணி நேரத்துக்குள் முடியும் நேரலையைத்தான் தானாகச் சேமிக்கும். விடியற்காலை 4 மணிக்குத் தொடங்கிய காவடி மாலை 4 மணியைத் தாண்டி ஓடினால் அந்தச் சேமிப்பை நம்ப முடியாது. மதியம் ஒருமுறை நிறுத்தி, புதிய நேரலையாகத் தொடங்குங்கள்.

அதைவிட முக்கியம், அனுப்பும் லேப்டாப்பிலேயே பதிவும் ஓட வேண்டும். நேரலைக்கும் பதிவுக்குமான ஓ.பி.எஸ் என்ற மென்பொருள் இலவசம். அவுட்புட்டை அட்வான்ஸ்டு நிலைக்கு மாற்றினால் அனுப்புவதற்கும் பதிவுக்கும் தனித்தனி அளவு வைக்கலாம். அனுப்புவது 4,500 கே.பி.பி.எஸ் (நொடிக்கு இத்தனை கிலோபிட்) இருந்தால் போதும், பதிவை 8,000-இல் வையுங்கள். மணிக்கு 3.6 ஜிபி, 12 மணி நேரத்துக்கு 43 ஜிபி ஆகும். பதிவு வடிவம் எம்.கே.வி. எம்.பி.4 வேண்டாம்: சாதாரண எம்.பி.4-இல் எந்தச் சட்டகம் எங்கே இருக்கிறது என்ற அட்டவணை கடைசியில்தான் எழுதப்படும், நடுவில் கரண்ட் போனால் மொத்தக் கோப்பும் திறக்காது. எம்.கே.வியில் கரண்ட் போன கணம் வரை பதிவானது இருக்கும். பிறகு ஓ.பி.எஸ்ஸிலேயே ரீமக்ஸ் செய்து, அதாவது கோப்பின் உறையை மட்டும் மாற்றி, எம்.பி.4 ஆக்கலாம், தரம் குறையாது. வெளி டிஸ்க் ஃபேட்32 வடிவத்தில் இருந்தால் 4 ஜிபி ஆனதும், அதாவது இந்த அளவில் ஏறத்தாழ 70 நிமிடத்தில், பதிவு நின்றுவிடும். எக்ஸ்ஃபேட் வடிவத்தில் முன்பே ஃபார்மட் செய்யுங்கள், 60 நிமிடத்துக்கு ஒரு கோப்பாகத் தானே பிரியும்படியும் வையுங்கள்.

நாதஸ்வரக்காரர் சினிமாப் பாட்டு வாசித்தாலும், கோவில் ஸ்பீக்கரில் பக்திப் பாட்டு ஓடினாலும் உரிமையுள்ள பாட்டைத் தானாகக் கண்டுபிடிக்கும் யூடியூபின் கண்டெண்ட் ஐடி பிடித்துக்கொள்ளும். எச்சரிக்கை வந்தும் பாட்டு தொடர்ந்தால் நேரலையை மறைத்து அந்த இடத்தில் அசையாத ஒரு படத்தை வைத்துவிடவும் வாய்ப்பு உண்டு. அதனால் ஒலியைத் தனித்தனித் தடமாகப் பதியுங்கள்: முதல் தடம் எல்லாம் கலந்தது, இரண்டாவது குருக்களின் மைக் மட்டும், மூன்றாவது மேளமும் நாதஸ்வரமும். ஓ.பி.எஸ்ஸின் ஒலி விவரப் பகுதியில் ஒவ்வொரு மைக்குக்கும் எதிரே தட எண்ணில் டிக் போட்டால் முடிந்தது. பிறகு பிரச்சினை வந்தால் மந்திரத்தை இழக்காமல் பாட்டை மட்டும் எடுக்கலாம்.

மின்வெட்டு குறைந்திருந்தாலும் ஏற்பாடு இல்லாமல் போகாதீர்கள். லேப்டாப் தாங்கும், ஃபைபர் பெட்டியும் ரவுட்டரும் தாங்காது. 8,800 எம்.ஏ.எச் என்று விற்கும் சின்ன 12 வோல்ட் யு.பி.எஸ் உண்மையில் சுமார் 32 வாட் மணி. இரண்டு பெட்டியும் சேர்ந்து 15 வாட் இழுத்தால், நடுவில் வீணாவது போக, இரண்டு மணி நேரத்துக்கே சற்றுக் குறைவு. பெட்டிகளின் அடியில் எழுதியிருக்கும் ஆம்பியரைப் பார்த்துவிட்டு வாங்குங்கள். லைன் போய்விட்டாலும் ஓ.பி.எஸ் பதிவு நிற்காது, அதை மட்டும் நிறுத்தாமல் விட்டுவிடுங்கள். பிறகு யூடியூப் ஸ்டுடியோவிலிருந்து இறக்கிக்கொள்ளலாம் என்று எண்ண வேண்டாம், அங்கே மூலத் தரம் கிடைக்காது.

கோப்புக்கு 2026-02-01-காவடி-காலை என்று தேதியை முன்னால் வைத்துப் பெயரிடுங்கள். இரண்டு டிஸ்க்கில் ஒவ்வொரு நகல், அதில் ஒன்று கோவிலுக்கு வெளியே, வேறு குடும்பத்தின் வீட்டில். இறுதிச் சடங்குப் பதிவைக் குடும்பத்திடம் கேட்காமல் பொதுவில் வைக்காதீர்கள். மற்றவற்றை ஏற்றும்போது யூடியூபில் லைசென்ஸ் என்ற இடத்தில், மூலத்தின் பெயரைச் சொல்லி யாரும் பயன்படுத்தலாம் என்று அனுமதிக்கும் கிரியேட்டிவ் காமன்ஸைத் தேர்ந்தெடுங்கள். கோப்பை இன்டர்நெட் ஆர்க்கைவ் என்ற இணையக் காப்பகத்திலும் போட்டுவிட்டால் அங்கே யாரும் நேரே இறக்கிக்கொள்ளலாம். அப்போது அடுத்த ஊர் ஆசிரியர் ஒரு தேவாரத்தையோ கும்மியையோ 90 நொடி வெட்டி வகுப்புக்கு எடுத்துப் போக யாரிடமும் கேட்க வேண்டியதில்லை. சினிமாப் பாட்டு வரும் பகுதியை வெட்டிய பிறகே அந்த லைசென்ஸைப் போடுங்கள். அது நாம் கொடுக்கக்கூடிய பொருள் அல்ல.